ஜிமிக்கியோடு கட்டிய அட்டை

ஆறேழு வருடங்களுக்கு முன்னால், தருமபுரியில் நான் பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படித்தபோது நடந்தது இது. அப்போது எனக்கு ஜிமிக்கிப் பைத்தியம். கடைத்தெருவில் எங்கள் அத்தாவுக்கு (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு சின்ன ஃபேன்ஸி ஸ்டோர் உண்டு. அங்கே குட்டிக் கிண்ணம் மாதிரி பிளாஸ்டிக் ஜிமிக்கி மூடிகள் வரும். அதன்மேல் பசை தடவி, பட்டுநூலை இடைவெளி தெரியாமல் சுற்றி, விளிம்பில் கல் சங்கிலி ஒட்டி, கீழே ஒரு முத்தைத் தொங்கவிட்டால் ஜிமிக்கி தயார். வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். என் துப்பட்டாவில் எந்நேரமும் நாலு கலர் நூல் ஒட்டிக்கொண்டிருக்கும். துவைக்கும்போதெல்லாம் அம்மாவிடம் திட்டு வாங்குவேன்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் தோழி பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். அவள் அம்மா பூ கட்டி விற்பவர். விடியற்காலையில் அம்மாவோடு உட்கார்ந்து பூ கட்டிவிட்டுத்தான் இவளும் கல்லூரிக்குக் கிளம்புவாள். அவள் வந்து உட்கார்ந்தால் எங்கள் பெஞ்சே குண்டுமல்லி மணக்கும். அந்த வருடம், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருந்த அவள் அப்பா சாரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். பல மாதம் எழுந்து நடக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பரீட்சைக்குப் பணம் கட்டச் சொன்ன அன்று, "நான் கட்டலப்பா, இதோட நின்னுக்கறேன்" என்றாள் என்னிடம். ஏதோ டீ வேண்டாம் என்பது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. எதிலும் முந்திக்கொள்கிற புத்தி எனக்கு, இன்றைக்கும் அது முழுதாகப் போகவில்லை. அன்று சாயங்காலமே தோழிகள் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டேன். ஜிமிக்கி செய்து விற்று அவளுடைய கட்டணத்தை நாங்களே கட்டிவிடுவது, கட்டி முடிக்கும்வரை அவளுக்குத் தெரியவே கூடாது என்று முடிவானது.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மத்தியான இடைவேளையில் லேபுக்குப் பின்னால் புங்கமரத்தடியில் கூடுவோம். சாப்பாடு அரைகுறையாக இறங்கும். ஒருத்திக்கு விரலில் ஒட்டிய பசையைப் பிய்த்தெடுக்கவே நேரம் போதாது. ஒருத்தி வேலையே செய்யாமல் பாட்டு மட்டும் பாடுவாள். தோழி வருவது தெரிந்தால் யாராவது இருமுவோம். அடுத்த நொடி நூலும் மூடியும் சாப்பாட்டுப் பைக்குள் போய்விடும். அவள் ஒன்றும் கேட்காமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவாள். எப்படி ஏமாற்றினோம் பார் என்று நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

ஆனால் ஜிமிக்கி விற்கவில்லை. கடையில் இதைவிடப் பளபளப்பாக இருக்கும்போது இதை யார் வாங்குவார்கள்? அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஒவ்வொரு ஜோடியோடும் ஒரு சின்ன அட்டையைக் கட்டினேன். ஒரு மாணவியின் படிப்புக்காக இது விற்கப்படுகிறது, பாப்பாரப்பட்டிப் பக்கத்துப் பெண், அப்பா பெங்களூரில் சாரத்திலிருந்து விழுந்து படுக்கையில் இருக்கிறார், அம்மா பூ கட்டுகிறார் என்று என் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினேன். பெயர் மட்டும் போடவில்லை. எவ்வளவு நாசூக்காகச் செய்திருக்கிறோம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அதன்பிறகு விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. ஆசிரியைகள் வாங்கினார்கள். அத்தாவின் கடைக்கு வந்தவர்கள் அட்டையைப் படித்து உச்சுக்கொட்டி வாங்கினார்கள். பத்தே நாளில் கட்டணத்துக்கு மேலேயே சேர்ந்துவிட்டது.

அந்த வாரம் தோழி கல்லூரிக்கு வரவில்லை. போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கட்டணம் கட்டக் கடைசி நாளுக்கு இன்னும் நான்கு நாட்கள்தான். பணம் என் கையில் இருக்கிறது, ஆனால் விண்ணப்பத்தில் அவள் கையெழுத்துப் போட வேண்டுமே. அவள் ஊர் வழியாக வரும் ஜூனியர் பெண்ணைப் பிடித்துக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. பஸ்ஸில் ஓர் அம்மா எங்கள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இவளை மேலும் கீழும் பார்த்திருக்கிறார். பாப்பாரப்பட்டி பஸ், கல்லூரிப் பை, மடியில் பூக்கூடை. அட்டையில் பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? "நீதானா கண்ணு அது" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டு, அவள் கையில் ஒரு பத்து ரூபாய்த் தாளைத் திணித்திருக்கிறார். அவள் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, மீதித் தூரத்தை நடந்தே வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

மறுநாள் நான் தனியாகவே பஸ் ஏறினேன். விற்காத ஜிமிக்கிகளும் பாதி சுற்றிய மூடிகளும் பைக்குள்ளேயே இருந்தன. அவள் அம்மா வாசலுக்கு வந்து, "வா கண்ணு, வூடு தேடி வந்திருக்கற" என்று கூப்பிட்டார். உள்ளே அப்பா கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். தோழி தரையில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, பெயர் போடவில்லையே, உனக்காகத்தானே செய்தோம் என்று ஏதேதோ உளறினேன். அவள் கட்டுவதை நிறுத்தினாள்.

"அட்டைய விடு. மரத்தடியில ஒக்காந்து சிரிச்சிக்கிட்டு இருப்பீங்க. நான் வந்தா எல்லாத்தயும் எடுத்துப் பையில போட்டுக்குவீங்க. நான் என்ன தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு மாசமா யோசிச்சிட்டு இருந்தேன். என்னப் பத்தி ஊருக்கெல்லாம் எழுதத் தெரிஞ்சுது. என்னய கூட ஒக்கார வெக்கணும்னு தோணலையா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. பையைக் கவிழ்த்து மிச்சமிருந்த அட்டைகளையெல்லாம் அங்கேயே கிழித்தேன். அவள் பாதி சுற்றியிருந்த ஒரு மூடியைக் கையில் எடுத்தாள். "இப்பிடியா சுத்துவாங்க, நூலு மேல நூலு ஏறிக் கெடக்குது" என்று மொத்தத்தையும் பிரித்தாள். பிறகு சுற்ற ஆரம்பித்தாள். பூ கட்டிப் பழகிய விரல்கள். நான் அரை மணி நேரம் மல்லாடுவதை அவள் ஐந்து நிமிடத்தில், கண்ணாடி மாதிரி வழவழவென்று முடித்துவிட்டாள். இப்படி ஒரு கையை வைத்துக்கொண்டா நாங்கள் ஒளித்து ஒளித்து வேலை செய்தோம் என்று வெட்கமாகப் போய்விட்டது.

அட்டை கட்டி விற்ற பணம் தனக்கு வேண்டாம் என்பதில் மட்டும் அவள் உறுதியாக இருந்தாள். அதைத் துறைத்தலைவியிடம் கொடுத்து, கட்ட முடியாத யாருக்காவது கட்டிவிடுங்கள், யார் என்று எங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்றோம். அடுத்த மூன்று நாட்கள் ஐந்து பேரும் புங்கமரத்தடியில் உட்கார்ந்து சுற்றினோம். அவள் சுற்றியவை எந்த அட்டையும் இல்லாமலே விற்றன. பார்த்தவர்கள் யார் செய்தது என்று விசாரித்து வாங்கினார்கள். கடைசி நாள் மத்தியானம், தன் கையாலேயே கட்டணத்தைக் கட்டி ரசீதை வாங்கினாள்.

இன்று அவள் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியை, நான் திருமணமாகி ஓசூரில் இருக்கிறேன். இதை எழுதுவதற்கு முன்னால் போன் செய்து, எழுதலாமா என்று கேட்டேன். "இப்பவாச்சும் கேட்டியே" என்று சிரித்தாள். யாருக்காவது ஏதாவது செய்ய மனசு பரபரக்கும்போதெல்லாம் புங்கமரத்தடியில் ஒன்றும் கேட்காமல் அவள் நின்றுவிட்டுப் போன அந்த ஒரு மாதம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது, நேராக அவர்களிடமே போய் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்.