எதிரே யாரும் வராத சாலை

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். கள்ளக்குறிச்சியில் பழைய கார்களை ராலிப் பந்தயத்துக்குத் தயார் செய்யும் பட்டறைக்காரர் ஒருவர் இருந்தார். என் பிக்கப் வண்டியைப் பழுது பார்க்க விட்டிருந்தபோது, வற்றிக் கிடந்த ஏரிக்குள் ஒரு காரை ஓட்டிக் காட்டச் சொன்னார். ஓட்டினேன். கூட ஏறியிருந்த அவர் இறங்கி, ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "இன்னாய்யா, இத்தினி நாளா கெழங்கு ஏத்திக்கினா இருந்த?" என்றார்.

ஆமாம், கிழங்குதான். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கை இறக்குவது என் பிழைப்பு. அவருடைய காரை ராலியில் ஓட்ட ஒப்புக்கொண்டபோது வயது முப்பத்தாறு. இந்த வயதில் ராலியா என்று தியாகதுருகத்துச் சொந்தக்காரர்கள் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவருக்கும் இரண்டாவது கியரில் ஒழுங்காக மலை ஏறத் தெரியாது.

ராலி என்பது கடிகாரத்தோடு நடக்கும் போட்டி. காட்டுப்பாதையை இரண்டு பக்கமும் அடைத்துவிட்டு, ஒவ்வொரு காராக அனுப்புவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த வளைவு எப்படிப்பட்டது என்று முன்கூட்டியே வாசித்துச் சொல்ல ஓர் ஆள் உண்டு. எனக்கு வாய்த்தவர் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் கணக்கு நடத்தும் பெண். முதல் ராலி முடிந்து, பட்டியலில் கடைசிக்கு முந்திய இடத்தில் நாங்கள் நின்றபோது, தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்ணா, ஒவ்வொரு வளைவுலயும் எதுக்கு ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுக்கறீங்க? ஆரன் வேற அடிக்கறீங்க?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. மலையில் எங்களுக்கு ஒரு வழக்கம். பாரத்தோடு ஏறும் வண்டிக்குத்தான் வழி. இறங்குகிறவன் வளைவுக்கு மேலேயே வேகத்தைக் குறைத்து, ஆரன் அடித்து, கீழிருந்து பதில் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் திரும்புவான். பதினைந்து வருடம் அப்படி ஓட்டிய கை, அடைத்துவைத்த பாதையிலும் ஆரனைத் தேடியிருக்கிறது. வெட்கமாகப் போய்விட்டது.

"எதுக்கால ஈ காக்கா வராதுங்ணா. நாஞ் சொல்றதை மட்டும் நம்புங்க" என்றார் அவர்.

பட்டறைக்காரர் அவ்வளவு பொறுமைசாலி இல்லை. "அடுத்ததுல மொத மூணுக்குள்ள வா. இல்லன்னா வேற ஆள ஏத்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.

அடுத்த ராலிக்கு ஆறு வாரம் இருந்தது. அந்தப் பெண் வாசித்த வளைவுகளை அலைபேசியில் போட்டுக்கொண்டு, நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து, காலை எடுக்காமல் அழுத்தி அழுத்திப் பழகினேன். ஏரிக்குள் ஓட்டும்போது ஆரன் கம்பியைக் கழற்றியே வைத்தேன். மலையில் புளி வாங்கிவந்து சந்தையில் விற்கும் என் மனைவி, "ராலிக்குப் போறதுக்குள்ள நாற்காலிய ஒடைச்சிடாதிங்க" என்றாள்.

நாற்காலி தப்பித்தது. அடுத்த ராலியில் ஒரு வளைவிலும் கால் எழவில்லை. எதிரே யாரும் இல்லை என்பதை உடம்பே நம்பிவிட்டிருந்தது. அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வது? மூன்றாவதாக வந்தோம். காரில் என் இடம் உறுதியானது. அழுதேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கொன்றும் கூச்சமில்லை.

நான்கு நாள் கழித்து, மனைவியையும் அவளுடைய புளி மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு, கல்வராயன் மலைமேல் உள்ள வெள்ளிமலை ஊரிலிருந்து இறங்கினேன். மூன்றாவது வளைவில் காலை எடுக்கவில்லை. ஆரனும் அடிக்கவில்லை. மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, நினைவே வரவில்லை. எதிரே ஒரு பைக் ஏறிக்கொண்டிருந்தது. ஓட்டியவரின் மனைவி பின்னால் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அவர் ஓரத்துப் பள்ளத்தில் பைக்கை இறக்கிச் சாய்த்தார். என் வண்டி அரை முழம் தள்ளி நின்றது. யாருக்கும் அடியில்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. குழந்தையைத் தூக்கித் தட்டிக்கொடுத்துக்கொண்டே, "இன்னாண்ணா, ஆரன் வரலியே?" என்றார். திட்டியிருக்கலாம்.

என் மனைவி கதவைத் திறந்து இறங்கினாள். பின்னால் வந்த பேருந்துக்குக் கை காட்டினாள். "மூட்டைய நீங்க எடுத்துக்கினு வாங்க. நான் பஸ்ஸுல வரேன்" என்றாள்.

அதற்கப்புறம் ஐந்து ராலி ஓட்டிவிட்டேன். விட முடியவில்லை, விடவும் மாட்டேன். மலையில் இப்போது வளைவுக்கு வளைவு ஆரன் அடிக்கிறேன். ஆனால் அவள் ஏறுவதில்லை. மூட்டைகள் என்னோடு வரும், அவள் பேருந்தில் வருவாள். போன வாரம் அந்தப் பேருந்துக்குப் பின்னாலேயே இறங்கினேன். கடைசி இருக்கையில், சன்னல் கம்பியில் தலை சாய்த்து, அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். பதினோரு வருடம் என் வண்டியில் அப்படித்தான் தூங்குவாள்.