டால்பிக்காரருக்கு ஓர் இருக்கை

ஒஸ்லோவில் பியோர்ண்டால் போகும் பஸ்ஸில் நிற்கிறேன். காலியாக இருக்கும் ஒரே இருக்கையில் ஒரு நோர்வேப் பெண்மணியின் பை இருக்கிறது. இங்கே அதை எடுக்கச் சொல்லக் கூடாதாம். மருமகள் நேற்றே எச்சரித்துவிட்டாள்.

"அண்ணை எந்த ஊர்?" என்கிறார் பக்கத்தில் நிற்கும் யாழ்ப்பாணத்துக்காரர்.

"இப்ப டால்பி. இங்கிலாந்திலை கடை வைச்சிருக்கிறன். அங்கை நாலைஞ்சு டால்பி, அவுஸ்திரேலியாவிலையும் ஒண்டு. கடைக்கு வாற பாண், பால் இடைக்கிடை மற்ற டால்பிக்குப் போயிடும்."

"அது இந்தப் பக்கத்துப் பேரெல்லோ. டால் எண்டால் பள்ளத்தாக்கு, பி எண்டால் ஊர். முந்திக் கப்பலேறிப் போன ஆக்கள் வைச்சது."

பெயர் காதில் விழ, பெண்மணி திரும்புகிறார். நோர்வே மொழியில் ஏதோ கேட்கிறார், யாழ்ப்பாணத்துக்காரர் பதில் சொல்கிறார். பை பெண்மணியின் மடிக்குப் போகிறது.

"என்னவாம்?"

"இவவின்ரை குடும்பப் பேரும் டால்பியாம். தங்கடை ஆள் ஏன் நிக்கிறார் எண்டு கேக்கிறா."