நாங்களே மூழ்கடித்த வீடு

நானும் என் கணவரும் பதினோரு மாதம் ஒரு படகில் குடியிருந்தோம். இதைச் சொன்னால் எங்களைக் கடற்கரைக்காரர்கள் என்று நினைத்துவிடுகிறார்கள். கடலை நான் இதுவரை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். எங்கள் படகு நின்றது ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில், மலைமேல் இருக்கும் ஓர் ஏரியில்.

சுற்றிப்பார்க்க வருகிறவர்களை ஏற்றும் இருபது பேர் படகு அது. இரும்புத் தகட்டால் ஆன உடம்பு, தகரக் கூரை. அதை ஓட்டியவர் என் கணவர். இன்ஜின் கெட்டுப்போனதும் கரையோரம் கட்டிப் போட்டுவிட்டார்கள். அந்த வருட மழையில் எங்கள் வாடகை வீட்டின் மண்சுவர் சரிந்தபோது, படகுக் குத்தகைக்காரர், "வேற வூடு கிடைக்கிற வரைக்கும் அதுல இருந்துக்கங்க" என்றார். அமிர்திப் பக்கத்தில் இருந்த என் தாய்வீட்டுக்குப் போக முடியாது. மலைக்காரரைக் கட்டிக்கொண்டதிலிருந்து அங்கே யாரும் என்னோடு பேசுவதில்லை. இருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பாய் விரித்தோம். ஒரு மூலையில் கேஸ் அடுப்பு, இன்னொரு மூலையில் என் தையல் மிஷின். மழைக்கு இரண்டு பக்கமும் தார்ப்பாய்.

புயல் கரையைக் கடந்து எங்கள் மலைப்பக்கம் திரும்புகிறது என்ற செய்தி போனில் வந்தபோது, அவர் கால் ஒடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. படித்துறைப் பாசியில் வழுக்கி விழுந்திருந்தார். தொடையிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு. எழுந்து நிற்க முடியாது.

அன்று விடிந்தும் வெளிச்சம் வரவில்லை. முதல் நாளிலிருந்து விடாத மழை. ஏரி நிரம்பி, உபரி நீர் வெளியேறும் கோடி வழியாகத் தண்ணீர் இரைச்சலோடு பள்ளத்தில் விழுந்துகொண்டிருந்தது. எங்கள் படகிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது அந்தக் கோடி. கயிறு அறுந்தால் படகு நேராக அங்கேதான் போகும். இரண்டு பேருக்குமே அது தெரியும்.

அவர் படுத்தபடியே வேலை சொன்னார். "தார்ப்பாயை அவுத்துடு மே. காத்து அதுலதான் புடிக்கும். கிணத்துக் கயிறு கீது பாரு, அதையும் அந்தத் தைல மரத்துல சேத்துக் கட்டு." கட்டினேன். கரையோரம் கிடந்த ஐந்து துடுப்புப் படகுகளிலும் வாளியால் தண்ணீர் மொண்டு ஊற்றித் தரையில் அமிழ்த்தச் சொன்னார். மிதந்தால் காற்று தூக்கி அடிக்கும், தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டால் ஒன்றும் ஆகாது என்றார். இடுப்பளவு தண்ணீரில் நின்று அதையும் செய்தேன். எனக்கு நீச்சல் தெரியாது. கை மரத்துப்போய் வாளி இரண்டு முறை நழுவியது.

பகல் பன்னிரண்டு மணிக்குக் காற்று மாறியது. அதுவரை தள்ளிய காற்று பிடித்து இழுக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் படகு முன்னால் பாய்ந்து, கயிறு இறுகி, பின்னால் விழுந்தது. ஒவ்வொரு முறையும் அவர் காலைப் பிடித்துக்கொண்டு கத்தினார். கரையைப் பார்த்தேன். நாங்கள் கட்டியிருந்த தைல மரத்தின் அடியில் மண் வாய் பிளந்து மூடிக்கொண்டிருந்தது. வேர் எழும்புகிறது. நான் அமிழ்த்திய துடுப்புப் படகுகளோ அசையாமல் கிடந்தன.

"இன்னாங்க, இதையும் தண்ணியில உக்கார வச்சிடலாங்க" என்றேன்.

"எதை?"

"இந்தப் படகை."

"வூட்டையா? பைத்தியமா புடிச்சிருக்குது உனக்கு?"

"அறுத்துக்கினு கோடியில போனா ஒண்ணுமே மிஞ்சாதுங்க. இங்க நெஞ்சளவுதான் தண்ணி. அப்புறம் இறைச்சிக்கலாம்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்போதுதான் ஏரிக்கரையில் மீன் வறுத்து விற்கும் அக்கா ஓடிவந்தார். "இன்னும் இங்கயே கீறீங்களா? ரோட்டுல மரம் வுழுந்துட்டுது, ஆட்டோ எதுவும் வராது. எல்லாரையும் தங்க வச்சிக்கீற ஸ்கூல் வரைக்கும் இவரைத் தூக்கிக்கினு போவ முடியாது. டிக்கெட் ரூமுக்காவது போய்டலாம், வா!"

டிக்கெட் கொடுக்கும் அறை மேட்டில் இருந்தது. அங்கே அது ஒன்றுதான் தளம் போட்ட கட்டடம். பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்துப் புடவையால் கட்டி, ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம். பாதி வழியில் சேற்றில் கால் வழுக்கி மூவரும் விழுந்தோம். அவர் போட்ட சத்தத்தில் நான் அழுதுகொண்டே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா, "எழுந்திரு, அப்புறம் அழுவலாம்" என்று அதட்டினார். மறுபடியும் தூக்கினோம்.

அவரை அறையில் விட்டுவிட்டு, படகை அமிழ்த்த நாங்கள் இருவரும் திரும்பினோம். இடுப்பில் கயிறு கட்டி ஒரு முனையை அக்காவிடம் கொடுத்துவிட்டு நான் மட்டும் படகில் ஏறினேன். மிஷினை அசைத்துப் பார்த்தேன், முடியவில்லை. உள்ளே சேரும் தண்ணீரை வடிக்கப் படகின் அடியில் இருந்த மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. ஸ்பேனர் வழுக்கியது. சுத்தியலால் அடித்தேன், விரலிலும் அடித்துக்கொண்டேன். எந்தப் பக்கம் திருப்புவது என்றுகூடப் புத்தியில் ஏறவில்லை. சாமி பெயரும் வரவில்லை, கெட்ட வார்த்தைதான் வந்தது. திடீரென்று மூடி கழன்று, தண்ணீர் என் முகத்தில் பீய்ச்சியது.

பாய் மிதந்தது. அரிசி டப்பா மிதந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அக்கா கயிற்றைச் சுண்டி இழுத்த பிறகுதான் வெளியே குதித்தேன். நாங்கள் மேட்டில் பாதி ஏறும்போது மரம் வேரோடு சாய்ந்தது. அதற்குள் படகு தரை தட்டி உட்கார்ந்திருந்தது. கூரைத் தகடுகள் ஒவ்வொன்றாகப் பிய்ந்து பறந்தன. படகின் உடம்பு நகரவில்லை.

அறையில் மூன்று பேரும் கவுண்டருக்கு அடியில் ஒண்டிக்கொண்டோம். காற்று அடங்கும்வரை அவர் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார்.

"மிஷினு?"

"எடுக்க முடியலிங்க."

மறுநாள் அவருடைய மாவுக்கட்டு நனைந்த காகிதம் மாதிரி பிரிந்து வந்தது. பாதை சரியாவதற்கு இரண்டு நாள் ஆனது. ஆஸ்பத்திரியில் காலை மறுபடி கட்டினார்கள். இப்போதும் கொஞ்சம் விந்தித்தான் நடக்கிறார். அக்காவின் உறவுக்காரர்கள் டீசல் பம்பு கொண்டுவந்தார்கள். வாளியும் பம்புமாக நான்கு நாள் இறைத்ததும் படகு எழுந்தது. சேறு நாறும் அதே படகில் கோடைவரை இருந்துவிட்டு, பஜார் பக்கம் ஓர் அறைக்கு மாறினோம்.

படகு எழுந்த அன்று குத்தகைக்காரர் வந்தார். கூரை இல்லாத படகைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "யாரைக் கேட்டு முழுவடிச்சீங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். புதுக் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் கணவர் பதில் சொன்னார்.

"நான்தாங்க முழுவடிக்கச் சொன்னேன். அவ வேணான்னுதான் சொன்னா."

குத்தகைக்காரர் போகும்வரை நான் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.