கொண்டை ஊசி வளைவில் மட்டும் வரும் அதிர்வு

அப்பா வாங்கிய பழைய கார் மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டி வரை சாதுவாக ஓடும். கொல்லிமலை வளைவுகளில் ஏறியதும் அடியிலிருந்து ஓர் அதிர்வு கிளம்பி என் இடுப்பு வரை வரும். பின்சக்கரத்தைச் சுழற்றும் ஷாப்ட் தேய்ந்துவிட்டது என்று நானே கண்டுபிடித்தேன். மெக்கானிக் ஷாப்ட்டை மாற்றினார், கிளட்ச்சை மாற்றினார், அதிர்வு போகவில்லை. வெறுத்துப்போய் காரை விற்றுவிடத் துணிந்தேன்.

“ஒருக்கா நான் ஓட்டிப் பாக்கறனுங்க” என்றாள் மனைவி.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் வளைவிலேயே அதிர்ந்தது.

“பாத்தியா, வந்துருச்சு” என்றேன்.

“எனக்கு ஒண்ணும் தெரியலீங்களே. உங்க முழங்கால ரெண்டு கையாலயும் அமுக்கிப் புடிங்க.”

பிடித்தேன். அதிர்வு நின்றது.

மெக்கானிக் மாற்றாமல் விட்டது டிரைவரை மட்டும்தான். அதையும் இப்போது மாற்றியாயிற்று. மலையேறும்போது அவள் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறாள். நான் முழங்காலைப் பிடித்துக்கொள்கிறேன்.