பட்டி இல்லாத மூலை

நான் அண்ணி அண்ணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, எங்கள் மேசைப் பட்டறைக்கே அவள் அண்ணியாகிவிட்டாள். அவளைவிட இருபது வயது மூத்த மேஸ்திரிகூட "பட்டி அண்ணி" என்றுதான் கூப்பிடுவார். மரத்தூளில் பசையைக் குழைத்தால் பட்டி. பிளவில் அதை அப்பித் தேய்த்துவிட்டால் பிளவு இருந்த இடமே தெரியாது. பதினோரு வருடமாக அண்ணிக்கு அதுதான் வேலை. அவள் தேய்த்து முடித்ததும் பாலிஷ் போடுகிறவள் நான்.

மேசைப் பலகையின் விளிம்பைச் சுற்றி மரச்சட்டம் ஒட்டுவோம். பீடிங் என்று பெயர். மூலையில் இரண்டு பீடிங்கும் சாய்வாக வெட்டப்பட்டு, ஒன்றோடொன்று பொருந்தி நிற்க வேண்டும். எங்கே நின்றது? மெஷினை நாற்பத்தைந்து டிகிரியில் வைத்து சர்சர்ரென்று வெட்டித் தள்ளுவார்கள். பிளந்தால் பிளக்கட்டும், பட்டி அண்ணி எதற்கு இருக்கிறாள்! இதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் மட்டும் வாயைத் திறக்கவே மாட்டாள்.

போன மாதம் மெஷின்காரர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். திங்கட்கிழமை புது ஆள் வரப்போகிறான் என்று முதலாளி சொன்னார். அவர் அப்படிச் சொன்ன அன்றைக்கே, சாப்பிட்டுக் கை கழுவும்போது அண்ணி சொன்னாள்: "அடுத்தவங்க தப்ப மூடி மூடியே என் காலம் போயிடும் போலிருக்குடி. ஒரு மூலையாவது நான் வெட்டினதுன்னு இருக்க வேணாமா?"

"இத என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? முதலாளிகிட்ட போய்க் கேளு!"

ஈரக்கையைக்கூடத் துடைக்காமல் போய்க் கேட்டுவிட்டாள். மெஷின்காரருக்குப் பீடிங் பிடித்துக் கொடுத்த காலத்திலேயே துண்டு மரங்களில் வெட்டிப் பழகியவள்தான். முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நூலகத்து மேசை ஒண்ணு இருக்கு. சனிக்கிழமைக்குள்ள நாலு மூலையும் சேரணும். பொட்டுப் பட்டி இருக்கக் கூடாது. சேர்ந்தா மெஷின் உங்களுக்கு. இல்லன்னா திங்கட்கிழமை புது ஆளு. சரியா?"

வெள்ளிக்கிழமை காலையில் முதல் மூலையை வெட்டினாள். எல்லாரையும் போல நாற்பத்தைந்துதான். இரண்டு முறை சரிபார்த்துத்தான் வெட்டினாள். ஒட்டுவதற்கு முன்னால் சேர்த்துப் பார்த்தால், உள்பக்கம் ஒட்டிக்கொண்டு, வெளிப்பக்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது! மேஸ்திரி எட்டிப் பார்த்தார்.

"இதுக்குப் போய் ஏம்மா முழிக்கிற? உன் கைப்பட்டி வச்சா யாருக்குத் தெரியப் போகுது?"

அண்ணியின் கை தானாகவே பட்டிக் கிண்ணத்தை எடுத்தது. பதினோரு வருடப் பழக்கம், சும்மா விடுமா?

"எனக்குத் தெரியும்," என்றேன். "கரும்பாலிஷ் கேட்டிருக்காங்க. பசை சாயத்தக் குடிக்காது. அந்த இடம் மட்டும் வெள்ளையா பல்லிளிக்கும்."

கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிளவில் விரலை ஓட்டிப் பார்த்தாள். பிறகு மேஸ்திரியைக் கேட்டாள்: "மெஷின் தப்பா வெட்டுதுன்னா, ஒரு மேசையோட நாலு மூலையும் ஒரே மாதிரிதானே பிளக்கணும்? நான் இத்தன வருஷம் அடைச்சதுல நாலும் ஒரே மாதிரி பிளந்ததே இல்லையே. ஒண்ணு வெளிய பிளக்கும், ஒண்ணு உள்ள பிளக்கும், ஒண்ணு நல்லாவே இருக்கும். அப்ப தப்பு மெஷின்ல இல்ல. மேசைதான் கோணல்."

மேஸ்திரி விழுந்து விழுந்து சிரித்தார். "ஆடத் தெரியாதவ தெரு கோணல்னு சொன்னாளாம்!"

அண்ணி செங்கோணம் பார்க்கும் மூலைமட்டத்தை எடுத்து மேசையின் மூலையில் அணைத்து வைத்தாள். மூலையில் ஒட்டியிருந்த மட்டம், போகப் போகப் பலகையை விட்டு விலகியது. நடுவில் வெளிச்சம் தெரிந்தது. கோணல்தான்! மேஸ்திரியின் சிரிப்பு பாதியில் நின்றது. அந்தப் பலகையை அறுத்தவரே அவர்தானே.

அப்புறம் அவள் டிகிரி பக்கமே போகவில்லை. மூலைக்கு அடியில் ஒரு அட்டையைச் செருகினாள். ஒரு பீடிங்கை விளிம்போடு ஒட்டி, மூலையைத் தாண்டி நீட்டி வைத்து, அதன் வெளி ஓரமாக அட்டையில் கோடு போட்டாள். அடுத்த பக்கத்துக்கும் அதேபோல் ஒரு கோடு. இரண்டு கோடும் வெட்டிக்கொண்ட புள்ளியிலிருந்து மேசையின் மூலைக்கு மூன்றாவது கோடு. மெஷினை அந்தக் கோட்டுக்குத் திருப்பி, முதலில் ஒரு துண்டு மரத்தை வெட்டிப் பார்த்தாள். நல்லவேளை, பீடிங்கின் மறுமுனையை நீளமாகவே விட்டு வைத்திருந்தாள். முனையைக் கொஞ்சமாகச் சீவிச் சேர்த்தாள். மூலை கப்பென்று கவ்விக்கொண்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மரத்தூள் என்று சொல்லிச் சமாளித்தேன்.

நாலு மூலைக்கும் நாலு அட்டை. நாலிலும் கோடு வேறு வேறு. சனிக்கிழமை மத்தியானம் முதலாளி வந்து ஒவ்வொரு மூலையிலும் நகத்தை ஓட்டிப் பார்த்தார். எங்கும் தடுக்கவில்லை. மனுஷன் விடவில்லை, ஒரு தாளை எடுத்து நுழைத்துப் பார்த்தார். தாள்தான் மடங்கியது.

"அந்த ஆள வரவேணாம்னு சொல்லிடறேன்," என்றார்.

நான் கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார். அண்ணி மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒருமுறைதான் துடைத்தாள் என்றால் பொய். நாலு முறை துடைத்தாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணி இருக்கும். மேஸ்திரி தன் மேசையிலிருந்து வழக்கம்போல் குரல் கொடுத்தார்: "பட்டி அண்ணி! பழைய மெஷின்காரர் வெட்டி வச்ச பீடிங், இங்க ஒரு மூலை பிளந்துகிட்டு நிக்குது, வாம்மா!"

பட்டறையே நிமிர்ந்து பார்த்தது. அண்ணி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள். அடக் கடவுளே, மறுபடியும் போகிறாளே என்று நான் பல்லைக் கடித்தேன். அவள் கிண்ணத்தை மேஸ்திரிக்கு முன்னால் வைத்தாள். பக்கத்திலேயே ஒரு அட்டையையும் பென்சிலையும் வைத்தாள்.

"ரெண்டுல எது வேணுமோ எடுத்துக்கோங்கண்ணே. எனக்கு வெட்டுற வேலை கிடக்கு."

மேஸ்திரி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்துக் காதில் செருகிக்கொண்டு, அட்டையை மூலைக்கு அடியில் தள்ளினார்.