வாகைக்குள் இருந்த ஆணி

உத்தமபாளையத்தில் ஞானசிகாமணியின் வாள்பட்டறைக்கு எந்த ஊர் மரம் வந்தாலும், கருத்தம்மாள் பார்த்துச் சரி என்ற பிறகுதான் ரம்பத்துக்குப் போகும். மரத்தை வெட்டும் முன்பே அந்த ஊருக்குப் போய், கிணற்றடியில் பெண்களோடு பெண்ணாக உட்கார்ந்து, ஒரே ஒரு கேள்வியைக் காதோடு கேட்டுவிட்டு வருவாள். பதிலை யாரிடமும் சொல்ல மாட்டாள். மரத்தில் கரியால் ஒரு வட்டம் போடுவாள், அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்திக்கு இந்த மரியாதை சும்மா கிடைத்துவிடவில்லை. கிடைத்த விதத்தைக் கேட்டால், இப்படி ஒரு மரியாதையே வேண்டாம் என்று நீங்களே சொல்வீர்கள்.

யுத்த காலம் அது. நீராவிக் கப்பல்களையெல்லாம் சர்க்கார் சண்டைக்கு இழுத்துக்கொண்டது. பர்மா அரிசி நின்றுபோனது. கரையோரமாக அரிசியும் உப்பும் ஏற்றிப்போக மரத்தோணிதான் கதி என்றானதும், தூத்துக்குடியில் தோணி கட்டுகிறவர்களுக்குச் சர்க்காரே முன்பணம் கொடுத்தது. தோணிக்கு விலா எலும்பாக நிற்கும் சட்டங்களுக்கு, பிறவியிலேயே வளைந்த மரம் வேண்டும். கடலைக் கண்ணால் கண்டிராத கம்பம் பள்ளத்தாக்கில், அதுவரை விறகுக்குக்கூடச் சேர்த்தியில்லாத கோணல் வாகைகளுக்கு யோகம் அடித்தது. போடி கடைத்தெரு வியாபாரியான ஞானசிகாமணிக்கு மரம் அனுப்பும் ஒப்பந்தம் கிடைத்தது. ஆயில் எஞ்சினும், வண்டிச் சக்கரம் அளவுக்கு வட்ட ரம்பமும், எண்ணெய்க்குப் பெர்மிட்டும் சர்க்கார் தயவில் உத்தமபாளையத்தில் வந்து இறங்கின.

கருத்தம்மாளின் புருஷன் பலவேசம், ரம்பத்துக்கு மரம் தள்ளுகிறவன். அதற்கு முன் இருபது வருஷம் குழியில் நின்று கைவாள் இழுத்தவன். எஞ்சினை ஓட்டியவன் அனுமந்தன்பட்டி சுருளிவேல். அவனுக்குத்தான் மகள் முருகம்மாளைக் கொடுப்பதாகப் பேச்சு. வெள்ளிக்கிழமை வெற்றிலை மாற்ற நாள் குறித்திருந்தார்கள்.

வியாழக்கிழமை மதியம் கஞ்சி கொண்டுபோன கருத்தம்மாள், ரம்ப மேடையில் ஏற்றி வைத்திருந்த மரத்தைப் பார்த்தாள். வருசநாட்டிலிருந்து வண்டியில் வந்த வாகை. முட்டியை மடக்கி உட்கார்ந்த ஆள் மாதிரி ஒரு வளைவு. இன்ன மரம் என்று அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

கல்யாணத்துக்கு முந்தின வருஷம், பதினைந்து வயதில், பிறந்த ஊரான வருசநாட்டில் அவளைப் பேய் பிடித்தது. பேயோ என்னவோ, மூன்று மாதம் சோறு தண்ணீர் இல்லாமல் ஓடைக்கரையில் ஓடித் திரிந்தாள். கோடாங்கி உடுக்கடித்து, அவள் உச்சிமுடியில் ஒரு கற்றையை அறுத்து, அந்தக் கரையில் நின்ற இந்த வாகையில் வைத்துச் சாண் நீள ஆணியால் அறைந்தார். அன்றோடு தெளிந்தாள். மரம் பருத்து ஆணியை விழுங்கிக்கொண்டது. பெற்றவர்களும் கோடாங்கியும் போய்ச் சேர்ந்த பின், அந்தச் சங்கதி இனி புகுந்த ஊருக்கு எட்டாது என்று நினைத்திருந்தாள். பேய் பிடித்தவள் பெற்ற பெண்ணை எந்த வீட்டில் எடுப்பார்கள்? புருஷனிடம்கூட அவள் மூச்சு விட்டதில்லை.

"இந்த மரத்த மட்டும் கையால அறுத்தா என்ன?" என்று பலவேசத்திடம் கேட்டாள்.

"பெறகு எஞ்சினு எதுக்கு இருக்கு? சாயங்காலம் லாரி வருது. தூத்துக்குடியில ஆபீசரு வந்து காத்துக்கிட்டு இருக்காக."

"ரொம்பக் கோணலா இருக்கே."

"கோணலாத்தான கேக்குறாக," என்று சிரித்தான்.

கைவாள் ஆணியில் பட்டால் கிறீச்சிடும், இழுக்கிறவன் கை தானாக நின்றுவிடும். எஞ்சினுக்கு அந்தக் கை கிடையாது. குழிவாள்காரனோடு குடும்பம் நடத்தியவளுக்கு இது தெரியாமல் இல்லை. சொல்லத்தான் வாயெடுத்தாள். பத்தடி தள்ளி பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்த சுருளிவேல், மாமியாராகப் போகிறவளைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டான். அந்த மரியாதை அவள் வாயை அடைத்துவிட்டது. ஆணி துருப்பிடித்து மக்கியிருக்கும், ரம்பம் வேறு பக்கமாகப் போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாவி, அதை நம்பவும் செய்தாள்.

எஞ்சின் ஓடத் தொடங்கியது. ரம்பம் பாதி மரம் போயிருக்கும். அதற்குமேல் பொறுக்க முடியாமல் "நிறுத்துங்க!" என்று அவள் கத்தியது அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. படீரென்றது. ரம்பத்தின் பல் ஒன்று தெறித்துப் பலவேசத்தின் வலது கண்ணில் இறங்கியது.

எஞ்சினை நிறுத்திவிட்டு ஓடிவந்த சுருளிவேல், மரத்துக்குள் பளபளத்த இரும்பைப் பார்த்தான். "எவளுக்கு அடிச்ச பேயாணியோ!" என்றான்.

புருஷன் தலையை மடியில் தாங்கியிருந்த கருத்தம்மாள், பட்டறையில் இருந்த எல்லார் காதிலும் விழும்படி, "எனக்கு அடிச்சது," என்றாள்.

வெள்ளிக்கிழமை யாரும் வெற்றிலை கொண்டுவரவில்லை. சம்பந்தம் வேண்டாமென்று சுருளிவேலின் தாய் பஞ்சம்மாள் ஆள் விட்டுச் சொல்லிவிட்டாள். ஊர் ஊராகப் போய் ஆணி விசாரித்து, இருக்கும் இடத்தில் வட்டம் போடும் வேலையை ஞானசிகாமணி கொடுத்ததெல்லாம் பிறகுதான். தன் கதையை வெளியே சொன்னவளிடம் மட்டுமே மற்றப் பெண்கள் தங்கள் கதையைச் சொன்னார்கள்.

கண் போன ஒன்பதாம் நாள், பெரியகுளம் ஆஸ்பத்திரியில், கண் அசையக்கூடாதென்று இரண்டு கண்ணிலும் போட்ட கட்டோடு கிடந்த பலவேசத்தின் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒங்க கண்ணு தப்பியிருக்கும். பத்தொம்பது வருசமா ஒங்ககிட்ட மறைச்சிட்டேனே."

அவன் கையை நீட்டித் துழாவி அவள் தலையைத் தேடித் தொட்டான்.

"பேய் பிடிச்ச சங்கதி எனக்குத் தெரியும், கருத்தம்மா. பரிசம் போடயிலேயே ஒங்க அய்யா எங்கிட்டச் சொல்லிட்டாக. நீ வெக்கப்படுவியேன்னு நான் கேட்டுக்கிடல. எந்த மரம்னு மட்டுமாச்சும் கேட்டு வச்சிருக்கலாம்."