கோமதி சித்தி ஒரு தடவைதான் எழுப்புவார்

சித்தி இறந்துபோன செய்தி ஒரு தாமரைப் படத்தின் மேல் எழுதப்பட்டு எனக்கு வந்தது. மாட்டுங்காவில் பள்ளி விட்டு, செம்பூர் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் காலனியின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "நம் காலனியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்துவந்த கோமதி மேடம் காலமானார்" என்று போட்டிருந்தார். கீழே வரிசையாகக் கைகூப்பல்கள். ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா என்னைக் கூப்பிடுவதற்குள் அந்தத் தாமரை முந்திக்கொண்டது. எனக்கு உடனே அழுகை வரவில்லை. சித்தி ஒரு நாளும் ஒரு கம்ப்யூட்டரைக்கூட ரிப்பேர் பார்த்ததில்லையே என்றுதான் முதலில் தோன்றியது.

இரங்கல் சொன்னவர்களைக் குறை சொல்வது முறையில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன். வருடக்கணக்காக ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியவர் என்ன வேலை செய்கிறார் என்று ஒரு நிமிடம் நின்று கேட்காதவர்களுக்கு, அவர் இறந்த பிறகு நல்ல தாமரையாகத் தேடி எடுக்க மட்டும் நேரம் இருந்திருக்கிறது. அவர்களுக்காகவும், சித்தியை அறியாதவர்களுக்காகவும் காலனி மலரில் இதை எழுதுகிறேன்.

கோமதி சித்தி என் அம்மாவின் தங்கை. தாராவியில் பிறந்து வளர்ந்தவர். திருமணம் செய்துகொள்ளாமல், செம்பூரில் எங்களுடன் இருந்தார். விக்ரோலியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. வாரத்தில் சில நாட்கள் அங்கே போவார், மற்ற நாட்களில் எங்கள் சாப்பாட்டு மேஜைதான் அவருடைய அலுவலகம்.

அவருடைய வேலையைப் புரிந்துகொள்வது கடினமில்லை. ஒரு பெரிய கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்களை மென்பொருளாலேயே உண்டாக்கலாம். அவற்றைத் தொட முடியாது, ஆனால் நிஜமானவை செய்வதையெல்லாம் அவையும் செய்யும். மெய்நிகர் கணினி என்பது அதுதான். சித்தியின் நிறுவனம் அப்படிப்பட்ட மெஷின்களை வாடகைக்கு விடுவதற்கான மென்பொருளைச் செய்கிறது. அது ஒழுங்காக ஓடுகிறதா என்று சோதிக்க ஆட்கள் உட்கார்ந்திருப்பதில்லை. சோதனை நிரல்கள் தாமாகவே ஒரு மெஷினை உண்டாக்கி, எழுப்பி, அதில் எதையாவது எழுதிப் பார்த்து, அணைத்து, கடைசியில் அழித்துவிடும். சரியாக நடந்தால் திரையில் பச்சை, தவறினால் சிவப்பு.

சித்தி அங்கே சேர்ந்தபோது ஒவ்வொரு குழுவும் மெஷினைத் தன் இஷ்டத்துக்கு எழுப்பிக்கொண்டிருந்ததாம். ஒருவர் ஒரு நிமிடம் காத்திருப்பார், ஒருவர் ஐந்து நிமிடம், இன்னொருவர் காத்திருக்கவே மாட்டார். "ஒருத்தன் தப்பா எழுதுனதை ஒம்போது பேரு காப்பி அடிச்சு வச்சிருக்கானுவ. எதுக்கு அப்படி எழுதியிருக்குன்னு கேட்டா, மேல இருந்து வந்துதுங்கான். மேலன்னா யாரு, சாமியா?" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பார். அந்தக் குப்பையை எல்லாம் ஒதுக்கிவிட்டு, எல்லாக் குழுக்களும் அழைத்துப் பயன்படுத்தும்படி பொதுவான உதவி ஃபங்ஷன்களை ஒரே கோப்பில் எழுதினார். ஆளுக்கு ஒரு வேலையை மட்டும் செய்யும் சின்ன நிரல் துண்டுகள்தான் ஃபங்ஷன்கள். மெஷினை உண்டாக்க ஒன்று, எழுப்ப ஒன்று, அணைக்க ஒன்று, அழிக்க ஒன்று.

இந்த வேலையில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் சித்தி, "ஏட்டி செண்பகா, ஒனக்கு இதுல ஒண்ணும் தெரியாதுல்லா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அதான் வேணும். இங்க வா" என்றார்.

ஒவ்வொரு ஃபங்ஷனின் பெயரையும், அதற்கு மேலே எழுதியிருக்கும் இரண்டு மூன்று வரிகளையும் நான் படிக்க வேண்டும். பிறகு அது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டும். நான் தவறாகச் சொன்னால் பெயர் சரியில்லை என்று அர்த்தம். சித்தி ஒரு நாளும் எனக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. தெரிந்துகொண்டுவிட்டால் நான் அந்த வேலைக்கு உதவமாட்டேன் அல்லவா?

ஒரு தடவை, 'மெஷின் எழுந்துவிட்டதா' என்று பொருள்படும் பெயரில் ஒரு ஃபங்ஷன் இருந்தது. கீழே உள்ள வரியைப் படித்தேன். எழவில்லை என்றால் அது போய் மெஷினை எழுப்பிவிடும் என்று இருந்தது.

"இது கேள்வி கேக்கற பேரு சித்தி. ஆனா வேலை செய்யுதே" என்றேன்.

சித்தி திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏட்டி, போய் டீ போடு" என்றார். மறுநாள் அது இரண்டு ஃபங்ஷன்களாகப் பிரிந்திருந்தது. எனக்கு ஒரு வார்த்தை பாராட்டு கிடைக்கவில்லை. பாராட்டுவதில் அவர் கஞ்சர். திட்டுவதில் தாராளம்.

இனி சித்தியின் மேலாளரைப் பற்றி எழுத வேண்டும். அவர் பெயரை எழுதப்போவதில்லை. தமிழராகப் பிறந்தும் தமிழ் படிக்க வராது என்பதை ஒரு பட்டம் போல எல்லோரிடமும் சொல்லிக்கொள்பவர் அவர். ஆகவே இதைப் படிக்கவும் மாட்டார். யாராவது படித்துக் காட்டினால் எனக்கு ஆட்சேபணையில்லை.

போன வருடம் அவர்களுடைய மெஷின்களில் ஒரு கோளாறு தென்பட்டது. சில தடவை மெஷின் எழும், ஆனால் எழுதியதைச் சேமித்து வைக்கும் டிஸ்க் அதில் வராது. அணைத்து மறுபடி எழுப்பினால் வந்துவிடும். சித்தியின் ஃபங்ஷன் ஒரே ஒரு தடவை எழுப்பும். டிஸ்க் வரவில்லை என்றால், வரவில்லை என்று சொல்லி நின்றுவிடும். திரையில் சிவப்பாக விழுந்தது. மேலாளர் வீடியோவில் சித்தியைக் கூப்பிட்டார். எதிர்நாற்காலியில் நான் வேதியியல் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

"கோமதி, வெள்ளிக்கிழமை டெலிவரி. ஸ்க்ரீன் பூரா லால் லாலா இருக்கு. கியா யார், என்ன இது?"

"டிஸ்க் வரலை சார். அதான் சிவப்பு."

"ரெண்டாவது தடவை எழுப்பினா வருதுல்ல? உங்க ஃபங்ஷன்ல மூணு தடவை ட்ரை பண்ற மாதிரி போட்டுடுங்க. பாத் கதம், விஷயம் முடிஞ்சுது."

"முதல் தடவை ஏன் வரலைன்னு பாக்க வேண்டாமா சார்?"

"அதெல்லாம் அப்புறம் பாக்கலாம்."

"வாடகைக்கு எடுக்கறவன் மூணு தடவை எழுப்புவானா?"

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "நீங்க ரொம்ப சீரியஸ், கோமதி. இது ஒரு சின்ன ஹெல்ப்பர் ஃபங்ஷன். ராக்கெட்டா விடறோம்?"

சித்தி மாட்டேன் என்று சொல்லி லேப்டாப்பை மூடினார். பிறகு என் பக்கம் திரும்பி, நானே மேலாளர் என்பது போலப் பொரிந்தார். "எல்லா டெஸ்டும் இதைத்தான் கூப்பிடுது. இதுக்குள்ள ஒரு பொய்யை வச்சா எல்லா டெஸ்டும் பொய் சொல்லும். எவனுக்கும் தெரியவும் செய்யாது. எந்த டெஸ்டுக்காவது மூணு தடவை எழுப்பணும்னா, அதை எழுதுதவன் தன் கையால அங்க எழுதட்டும். எழுதும்போதாவது வெக்கமா இருக்கும்லா."

வெட்கம் என்ற சொல் அந்த அலுவலகத்தில் புழக்கத்தில் இல்லை. அடுத்த வாரம் சித்தி காய்ச்சலில் விடுப்பில் இருந்தபோது மூன்று தடவை முயலும்படி ஃபங்ஷனை மாற்றிவிட்டார்கள். திரை முழுவதும் பச்சை. பச்சைக் க்ரீம் வைத்த கேக் ஒன்றை வெட்டி, அந்தப் படத்தை அலுவலகக் குழுவில் போட்டார்கள். தவற்றைக் கண்டுபிடிப்பதற்கென்று சம்பளம் வாங்குகிறவர்கள், தவறு கண்ணில் படாமல் போனதற்காகக் கேக் சாப்பிட்டார்கள். சித்தி போர்வைக்குள்ளிருந்து படத்தைப் பார்த்துவிட்டு, "எவனோ கையை வச்சிருக்கான்" என்றார்.

காய்ச்சல் விட்டதும் முதல் வேலையாக அதைப் பழையபடி மாற்றினார். அன்றைக்கே அவர்கள் திரும்ப மூன்றாக்கினார்கள். சித்தி அந்தக் கோப்பைத் தொட முடியாதபடி அவருடைய உரிமையையும் பறித்தார்கள்.

பிறகு நடந்ததை நீங்களே ஊகிக்கலாம். வாடிக்கையாளர்களிடம் போன மெஷின்கள் டிஸ்க் இல்லாமல் எழுந்தன. பொதுவான ஃபங்ஷன் இதை ஏன் பிடிக்கவில்லை என்று விசாரணை வைத்தார்கள். கோப்பின் தலைப்பில் 'எழுதியவர்' என்ற இடத்தில் சித்தியின் பெயர் இருந்தது. அதோடு விசாரணை முடிந்தது. கவனக்குறைவு என்று குறிப்பிட்டு சித்திக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

அதற்குப் பிறகு சித்தி அவர்களிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டும், அதற்கான காரணத்தையும் எழுத வேண்டும்.

"போனா போகுது, விடுட்டி. சம்பளம் ஒழுங்கா வருதுல்லா?" என்றார் அம்மா.

"சம்பளம் வருதுக்கா. ஆனா நான் செய்யாததை நான் செஞ்சேன்னு எழுதி வச்சிருக்கானுவளே. நான் வேலையை விட்டுப் போன பொறவும் அது அங்கயே கெடக்கும்."

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. கோப்பில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும், யார் செய்தது, எப்போது செய்தது என்று பதிவாகும் என சித்தி ஒரு தடவை சொல்லியிருந்தார். அந்தப் பதிவைப் பதிலோடு இணைத்து அனுப்பினால் என்ன என்று கேட்டேன். சித்தி லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். மூன்று என்று மாற்றிய இடத்தில் ஒரு இளம்பெண்ணின் பெயர் இருந்தது. அந்த வருடம்தான் வேலைக்குச் சேர்ந்தவர்.

"செய்யச் சொன்னவன் பேரு இதுல வராது. டைப் அடிச்சவ பேருதான் வரும். இதை அனுப்புனா எனக்கு வந்த லெட்டரு இவளுக்குப் போகும். அவனுக்குப் போகாது."

"அவங்க வாயைத் திறந்து சொல்லலாமே சித்தி?"

"சொல்லலாம். அது அவ இஷ்டம். அவ சம்மதிக்காம அவ பேரை நான் எழுத மாட்டேன்."

நான்கு மாதங்களில் மூன்று பதில்கள் எழுதினார். அந்தப் பெயர் எதிலும் இல்லை. மூன்றுக்கும் 'கிடைக்கப்பெற்றோம்' என்ற ஒரு வரி மட்டும் வந்தது. அந்தப் பெண்ணை நான் மனதார வெறுத்தேன். அவரும் அந்தக் கேக்கைச் சாப்பிட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

போன மாதம் சித்திக்கு மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டது. மூன்று நாட்கள் ஆஸ்பத்திரியில் இருந்தார். கடிதம்தான் காரணம் என்று மருத்துவர் சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன். நிரூபிக்க முடியாததை எழுதினால் சித்தி என்னைச் சும்மா விடமாட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் மதியம் அலுவலகத்திலிருந்து நான்கு பேர் வந்தார்கள். முன்னால் மேலாளர், கையில் ரோஜா மாலையும் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு படமும். சட்டத்துக்குள் ஒரு பாதியில் சித்தியின் புகைப்படம், மறுபாதியில் ஆங்கிலத்தில் புகழுரை. பதிவில் பெயர் இருந்த அந்த இளம்பெண்ணும் வந்திருந்தார்; செருப்பு அலமாரிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"கோமதி எங்க ஃபேமிலி மாதிரி அக்கா" என்றார் மேலாளர். "அதனால ஒரு டிசிஷன் எடுத்திருக்கோம். மெஷினை எழுப்பற ஃபங்ஷனுக்கு இனிமே 'கோமதி'ன்னு பேரு. ஒவ்வொரு டெஸ்டும் கோமதியைக் கூப்பிடும். எவ்வளவு பெரிய ஹானர், பாருங்க!"

அம்மா சட்டத்தை வாங்கிக்கொள்ளவில்லை. "அந்த லெட்டரு என்னாச்சு சார்?"

"அதெல்லாம் சிஸ்டம்ல க்ளோஸ் ஆயிடும் அக்கா. எம்ப்ளாயி இல்லைன்னா ஆட்டோமேட்டிக்கா..."

அம்மாவுக்குக் கம்ப்யூட்டரை அணைக்கக்கூடத் தெரியாது. ஆனால் நான்கு மாதங்களாக அந்தச் சாப்பாட்டு மேஜையில் அவரும்தான் உட்கார்ந்திருந்தார்.

"பேரு வச்சிருக்கீங்கள்லா, அந்த ஃபங்ஷன் மெஷினை எத்தனை தடவை எழுப்பும்?"

மேலாளர் சிரித்தார். "அது கொஞ்சம் டெக்னிக்கல் அக்கா."

"மூணு, ஆண்ட்டி."

செருப்பு அலமாரிப் பக்கமிருந்து குரல் வந்தது. எல்லோரும் திரும்பினோம். அந்தப் பெண் தலையைக் குனிந்தபடியே பேசினார். "மூணு தடவை எழுப்பும். முதல் ரெண்டு தடவை என்னாச்சுன்னு யாருக்கும் சொல்லாது. சார் சொன்னார், நான்தான் போட்டேன்."

மேலாளர் ஹிந்தியில் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அம்மா அவரைப் பார்க்கவே இல்லை.

"அப்ப அது எங்க கோமதி இல்லை. அவ ஒரு தடவைதான் எழுப்புவா. பேரை எடுத்துருங்க சார்."

பிறகு சட்டத்தை வாங்கிக் கவிழ்த்து, பின்பக்கக் கொக்கிகளைத் திருகி, சித்தியின் புகைப்படத்தை மட்டும் உருவிக்கொண்டார். சட்டத்தையும் புகழுரையையும் மேலாளரிடமே கொடுத்தார். பாதி காலியான கண்ணாடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் படியிறங்கினார். தாமரை போட்டவர்களில் இருவர் அதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதையாவது சரியாகப் பரப்புவார்கள் என்று நம்புகிறேன்.

அன்று மாலை அந்தப் பெண்ணிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. அடுத்த பதிலில் தன் பெயரை எழுதிக்கொள்ளலாம், செய்யச் சொன்னவர் பெயரையும் எழுதலாம், தானும் கையெழுத்துப் போடுகிறேன் என்று. என் வெறுப்பை அவரிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டேன். காரணத்தையும் அவருக்கு எழுதினேன்.

நான்காவது பதிலை அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நேற்று அனுப்பினோம். கடிதம் இன்னும் திரும்பப் பெறப்படவில்லை.

சித்தியின் படத்தைச் சட்டமில்லாமல் அலமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறோம். அலுவலக அடையாள அட்டைக்காக எடுத்தது. எடுத்தவர் சிரிக்கச் சொல்லியிருக்க வேண்டும். எதற்கு என்று கேட்க சித்தி வாயெடுத்த நேரத்தில் எடுத்துவிட்டார்.

போய் வாருங்கள், சித்தி. பதில் வந்ததும் இந்தப் படத்தின் முன்னால் நின்று சத்தமாகப் படிக்கிறேன். காரணம் எழுதாமல் அனுப்பியிருந்தால், ஐந்தாவதை எழுத உட்காருவோம்.

செண்பகா
பதினோராம் வகுப்பு